மீன்கருவில் ஸ்ப்ளைசிங் புரதம் பழுதானபோது நீங்கள் முதலில் கண்டது எது?

பதிவு 1
ஆர்.என்.ஏ.விலிருந்து வேண்டாத துண்டுகளை (இன்ட்ரான்களை) வெட்டி நீக்கி, வேண்டிய துண்டுகளை (எக்ஸான்களை) ஒட்டும் வேலையே ஸ்ப்ளைசிங். அதைச் செய்யும் உயிரணு இயந்திரமான ஸ்ப்ளைசோசோமின் மையப் புரதம் ஒன்றில் பிறழ்வு கொண்ட வரிக்குதிரை மீன்களை வளர்த்து வந்தபோது, கருவுற்ற முதல் பல மணி நேரம் வரை எந்தக் குறையும் தென்படாதது என்னைக் குழப்பியது. எல்லா உயிரணுக்களுக்கும் வேண்டிய புரதம் இல்லையென்றால் கரு தொடக்கத்திலேயே மடிய வேண்டாமா? தாய்மீன் முட்டைக்குள் சேமித்து வைத்த ஆர்.என்.ஏ.வும் புரதமும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் உறைத்தது. கருவின் சொந்த மரபணுக்கள் சுமார் 3 மணி நேரத்தில் பரவலாக இயங்கத் தொடங்கினாலும், தாயின் இருப்பு கரைய மேலும் காலம் பிடிக்கிறது. மறுநாள் பார்க்கையில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் கருக்களில் தலை சிறுத்து, மூளைப் பகுதி கண்ணாடித் தெளிவை இழந்து சாம்பல் பூத்திருந்தது. வாலோ ஓரளவு ஒழுங்காகவே நீண்டிருந்தது. பழுதான உயிரணுக்களைச் சாகத் தூண்டும் பி53 புரதத்தைத் தடுத்தபோது உயிரணுச் சாவு குறைந்தது, ஆனால் தலை முழுமையாகத் தேறவில்லை. சாவை மட்டும் பார்த்து, இப்புரதம் மூளைக்கே உரியது என்று முடிவு கட்டியிருந்தால் தவறியிருப்பேன்.

பதிவு 2
மேலே எழுதியவரின் எச்சரிக்கையோடு என் அவசரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் ஆராய்ந்தது, அரிதான ஒரு வகை இன்ட்ரான்களை மட்டும் வெட்டும் சிறு ஸ்ப்ளைசோசோமைச் சேர்ந்த ஆர்.என்.பி.சி.3 என்னும் புரதம். அது கையாளும் இன்ட்ரான்கள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. இருந்தும் பிறழ்வு மீன்களில் கல்லீரலும் கணையமும் குடலும் வளராமல் குன்றிப்போகின்றன. இன்ட்ரான் நீங்காமல் தங்கியதைக் காட்டும் நீண்ட பட்டையை, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் கண்டதும் மகிழ்ந்துபோனேன். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத குழாயிலும் அதே பட்டை நின்றதைக் கவனித்தபோதுதான், மாதிரியில் மரபணு டி.என்.ஏ. கலந்திருப்பது புரிந்தது. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியிட்டு மறுபடி செய்ததில் அந்தக் குழாய் வெறுமையானது. பிறழ்வு மீனின் பட்டை மெலிந்தாலும் மறையவில்லை. வழக்கமான இன்ட்ரான்களோ, எதிர்பார்த்தபடி, ஒழுங்காகவே வெட்டப்பட்டிருந்தன. (அன்று வீணான ஆர்.என்.ஏ.வை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.)

பதிவு 3
நீங்கள் இருவரும் வெட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்; நான் பார்த்தது எந்த எக்ஸான் சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆர்பிஃபாக்ஸ் புரதங்களை. ஆர்பிஃபாக்ஸ்1எல், ஆர்பிஃபாக்ஸ்2 ஆகிய இரண்டையும் மார்ஃபோலினோவால் (மரபணுவின் இயக்கத்தைத் தடுக்கும் செயற்கை மூலக்கூறால்) சேர்த்து அடக்கியபோது, தசை நார்கள் உள்ளே ஒழுங்கு குலைந்திருந்தது வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை, சாம்பல் நிறத் தலையும் இல்லை. ஆகவே ஊசி போட்டது பலிக்கவில்லை என்றே எண்ணி, தட்டை ஒதுக்கி வைக்கப் போனேன். தற்செயலாக ஒரு குஞ்சின் வாலை மெல்லிய இழையால் தொட்டேன். துள்ளி ஓட வேண்டியது அசையவே இல்லை. அடுத்ததும் அப்படித்தான். ஒப்பீட்டுக்காக வைத்த கட்டுப்பாட்டுத் தட்டில் இருந்தவை, தொட்ட மாத்திரத்தில் விளிம்புவரை பாய்ந்தன.