கல்யாணத்துல நட்ட கல்யாண முருங்கை கொம்பு 43 நாளாகியும் துளிர் விடல, என்ன பண்றது?

கொல்லைப்புறம்:
எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் கல்யாணம் ஆச்சு, கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். பந்தக்காலோட சேர்த்து கட்டின கல்யாண முருங்கை கொம்ப மூணாம் நாள் நானும் அவரும் சேர்ந்து கொல்லையில நட்டோம், நவதானியம் போட்டு பால் ஊத்தி, மஞ்சத்துணி கூட இன்னும் அதுலயே இருக்கு. ஒரு துளிர் இல்ல. அத்தை தினமும் காலையில காபி போடுறதுக்கு முன்னாடி போய் பாத்துட்டு வந்து ஒண்ணுமே சொல்லாம அடுப்ப பத்த வைக்கிறாங்க, அதுதான் எனக்கு தாங்கல. பக்கத்து வீட்டு பாட்டி வேற "கொம்பு தழைச்சாதாம்மா குடும்பம் தழைக்கும்"னு சொல்லிட்டு போயிட்டாங்க, ராத்திரி தூக்கமே வரல. கொம்பு 4 அடி, கட்டைவிரல விட கொஞ்சம் தடிமன், துணி துவைக்கிற கல்லுக்கு பக்கத்துல நட்டிருக்கோம், தினமும் ரெண்டு குடம் தண்ணி ஊத்துறேன். யாருக்கும் தெரியாம வேற கொம்பு வெட்டி அதே இடத்துல வெச்சுட்டா தப்பா?

மாடித்தோட்டம்:
முதல்ல நகத்தால தோல லேசா கீறி பாருங்க சிஸ்டர். உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு, காஞ்சு பழுப்பா இருந்தா அந்த பகுதி போச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் நாலு இடத்துல கீறுங்க. இன்னொண்ணு, கொம்ப தலைகீழா நட்டிருக்கீங்களான்னு பாருங்க, மண்டபத்துல அவசரத்துல இது நிறைய நடக்குது. இலை உதிர்ந்த தழும்புக்கு மேல் பக்கமாதான் மொட்டு இருக்கும், அத வெச்சு கண்டுபிடிச்சிடலாம்.

வடலி:
தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. யாழ்ப்பாணத்தில நாங்கள் இதை முள்முருக்கு எண்டு சொல்லுவம், தாலிக்குப் பொன்னுருக்கின அண்டைக்கு கன்னிக்கால் ஊன்றுறதும் இதிலதான். வேலிக்கு கதியாலா போட்டாலே தழைக்கிற சாமான். என்ர கலியாணத்தில ஊன்றினது நல்லாத்தான் வந்தது, 95இல சண்டையால இடம்பெயர்ந்து போய் திரும்பி வரேக்க கூரை இல்லை, முருக்கு மட்டும் சிவப்பா பூத்து நிண்டது. அதைப் பாத்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆனா அதுக்குப் பிறகு ரெண்டு வருசத்தில இவர் மாரடைப்பில தவறிட்டார், மரம் அப்பவும் பச்சையாத்தான் நிண்டது. என்ர தங்கச்சிக்கு ஊன்றினது ஒரு மாசத்திலயே பட்டுப்போச்சு, அவளும் மனுசனும் இண்டைக்கும் ஒண்டா கோயிலுக்கு போய் வருகினம். அந்தப் பாட்டியின்ர கதையை மனசில வைக்காதேங்கோ. மாமிட்ட மறைச்சு ஒண்டும் செய்யாதேங்கோ, அவவும் உங்களுக்காகத்தான் போய் பாக்கிறா.

கூடலூர் மிளகு:
எங்க தோட்டத்துல மிளகுக்கொடி ஏத்துறதுக்கு இந்த மரம்தான் நடுவோம், அதனால சொல்றேன். நீங்க ஊத்துற தண்ணிதான் பிரச்சனைன்னு நினைக்கிறேன். இதோட தண்டு பஞ்சு மாதிரி, தனக்கு வேணுங்கிற ஈரத்த உள்ளயே வெச்சிருக்கும், வேர் விடுறதுக்கு முன்னாடி தினமும் ரெண்டு குடம் ஊத்தினா, அதுவும் சோப்பு தண்ணி ஓடுற இடத்துல, அடி அழுகிடும். நாங்க மாசி பங்குனியில தடிமனான கொம்பா வெட்டி, நட்டுடாம நிழல்ல அடுக்கி வெச்சிடுவோம், மழை பிடிக்கிற நேரத்துல அதுவே துளிர் காட்டும், அப்புறம்தான் ஒன்றரை அடி குழியில நடுறது. அதனால 43 நாள்ல வரலன்னு கவலைப்படாதீங்க. பிடுங்கி பாருங்க, அடி அழுகி இருந்தா பச்சை தெரியுற வரைக்கும் சரிவா வெட்டி எடுத்துட்டு, ஒரு வாரம் நிழல்ல வெச்சு, மேடா தண்ணி தேங்காத இடத்துல நடுங்க. மண் காஞ்ச பிறகு தண்ணி ஊத்தினா போதும்.

துளிர் வந்த பிறகும் கவனிக்கணும். 2005, 2006 வாக்குல ஒரு குளவி வந்துச்சு, எறும்ப விட சின்னது, இளந்துளிர்ல முட்டை வெச்சிடும், இலையும் காம்பும் முண்டு முண்டா வீங்கி சுருண்டுக்கும். வயநாட்டு பக்கம் எத்தனையோ மிளகு தோட்டத்துல முருக்கு மரமெல்லாம் இதுலயே போச்சு, எங்களுக்கும் போச்சு, கொடியோட சரிஞ்சத பாத்தவங்க நாங்க. அப்படி வீங்கின துளிர் தெரிஞ்சா உடனே கிள்ளி எரிச்சிடுங்க, விட்டு வைக்காதீங்க. நல்லா வந்துட்டா சளி பிடிச்சப்போ இலைய பறிச்சு அரிசியோட அரைச்சு அடை சுடலாம்.

கொல்லைப்புறம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வடலி அக்கா, நீங்க எழுதினத மூணு தடவை படிச்சேன். நேத்து சாயங்காலம் அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், தூங்காதது உட்பட. அவங்க ஒண்ணும் பேசாம மண்வெட்டிய எடுத்துட்டு வந்தாங்க, ரெண்டு பேருமா பிடுங்கினோம். அடியில ஒரு சாண் அளவுக்கு கருப்பா கொழகொழன்னு, ஒரே நாத்தம். தலைகீழா எல்லாம் நடல. அத்தை அரிவாளால கொஞ்சம் கொஞ்சமா சீவிக்கிட்டே வந்தாங்க, மூணாவது வெட்டுல பச்சை தெரிஞ்சுது, தொட்டா ஈரமா இருந்துச்சு. இப்போ திண்ணையில சாத்தி வெச்சிருக்கோம், மாட்டுக்கொட்டகை பக்கம் மேடான இடத்துல நடலாம்னு அத்தையே சொல்லிட்டாங்க. நடும்போது மேல் பக்கம் மாறிடக்கூடாதுன்னு நுனியில குங்குமம் வெச்சு விட்டிருக்காங்க.