ஆபிஸ் மெயிலில் இருந்து வைரஸ் போயிருக்கு, நஷ்டஈடு யார் தலையில்?

மாங்கூழ்_கணக்கு (காவேரிப்பட்டணம்):
மாங்கூழ் ஆலை ஆபிஸ். கணக்குப் பிரிவில் விண்டோஸ் 7, அவுட்லுக் 2010. பில் பாக்கின்னு வந்த வேர்ட் பைலைத் திறந்து, மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' அமுக்கியிருக்காங்க. இப்போ ஓசூர் டின் சப்ளையர், எங்க முகவரியில் இருந்து அதே மாதிரி பைல் வந்து அவர் சிஸ்டம் படுத்துடுச்சு, நஷ்டஈடு கொடுங்கன்னு கேட்கிறார். மென்பொருள் செஞ்ச கம்பெனி பொறுப்பா, ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கிறவரா, நாங்களா? உடனே என்ன செய்யணும்?

சிஸ்டம்_அட்மின் (ஓசூர்):
அந்த மெயில் உங்க கணக்கில் இருந்துதான் போச்சான்னு முதல்ல பாருங்க சார். அனுப்புநர் இடத்தில் யார் முகவரியை வேணும்னாலும் எழுதலாம், 1982-இல் வந்த எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) விதி அதைச் சரிபார்க்காது. இமோடெட் வகை வைரஸ்கள் பழைய கடிதங்களைத் திருடி, வேற எங்கேயோ இருக்கிற சர்வரில் இருந்து உங்க பேரில் பதில் போடும்.

சப்ளையரை ஃபார்வர்டு பண்ணச் சொல்லாதீங்க, அசல் ஹெடர் (மெயில் வந்த வழியைச் சொல்லும் மறைவு வரிகள்) போயிடும். ஜிமெயில்னா 'ஷோ ஒரிஜினல்' போய் ஹெடர் வரிகளை மட்டும் காப்பி எடுத்துத் தரட்டும். 'அத்தென்டிகேஷன் ரிசல்ட்ஸ்' வரியில் உங்க டொமைனுக்கு (முகவரியில் @-க்குப் பின்னால் இருக்கிற பேர்) எஸ்பிஎஃப் (உங்க பேரில் அனுப்ப அனுமதிச்ச சர்வர் பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டும் பாஸ்னா, அநேகமா உங்க கணக்கு வழியாத்தான் போயிருக்கு. ஃபெயில்னா பெரும்பாலும் போலி. உங்க டொமைனில் எஸ்பிஎஃப் எழுதி வைக்கவே இல்லைன்னா 'நன்'னு வரும். அப்போ 'ரிசீவ்டு' வரிகளில் சப்ளையரோட சர்வர் எழுதின வரியை மட்டும் நம்புங்க. அதுக்குக் கீழே இருக்கிறதை அனுப்பினவனே இட்டுக்கட்டியிருக்கலாம்.

பாதிச்ச கம்ப்யூட்டரில் லேன் ஒயரைப் பிடுங்குங்க. ஃபார்மட் அடிச்சிடாதீங்க, ஆதாரம் போயிடும். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எடுத்து வெச்சுட்டு, புது எஸ்எஸ்டி டிஸ்கில் விண்டோஸை ஏத்துங்க. மெயில் பாஸ்வேர்டை வேற கம்ப்யூட்டரில் மாத்துங்க. அதோட நிறுத்தாம வெப்மெயிலில் ரூல்ஸ், ஃபார்வர்டிங், ஆப் பாஸ்வேர்டு (மெயில் ஆப்புக்குன்னு தனியாத் தரும் பாஸ்வேர்டு) மூணையும் பாருங்க. உள்ளே வந்தவன் வழக்கமா ஒரு ஃபார்வர்டை வெச்சுட்டுத்தான் போவான்.

சட்டமும்_கணினியும் (தர்மபுரி):
யார் பொறுப்பு என்பது காலத்தைப் பொறுத்து மாறுகிறது. 1999-இல் மெலிசா என்ற வைரஸ், அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பியது. 2000 மே மாதம் வந்த 'ஐ லவ் யூ' ஒருவரையும் விடவில்லை. ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) கேட்காமலே மெயில் அனுப்ப மென்பொருள் இடம் கொடுத்தது. விண்டோஸ் '.விபிஎஸ்' என்ற வாலை மறைத்து, வெறும் டெக்ஸ்ட் பைல் போலக் காட்டியது. அங்கே கிளிக் செய்தவரைத் திட்டுவது அநியாயம், அது வடிவமைப்புக் கோளாறு. இணையத்தில் இருந்து வரும் ஆபிஸ் பைல்களில் மேக்ரோவை ('எனேபிள் கன்டென்ட்' அமுக்கினால் ஓடும் சிறு நிரலை) இயல்பாகவே தடுக்க 2022 வரை ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த வாதம் நிற்காது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது) 2020 ஜனவரி 14-லும், ஆபிஸ் 2010-க்கானது அதே ஆண்டு அக்டோபர் 13-லும் முடிந்துவிட்டன. லைசென்ஸ் ஒப்பந்தங்களும் பொதுவாகக் கட்டிய பணத்துக்கு மேல் பொறுப்பேற்பதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. அதற்கு நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணம் வேண்டும், உங்களுக்கு அது பொருந்தாது. 43-ஆம் பிரிவு வேறு, அது நஷ்டஈட்டுக்கானது. வைரஸ் நுழையக் 'காரணமாக' இருந்தவரையும் அது சொல்கிறது, சப்ளையரின் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். 5 கோடி வரையிலான கோரிக்கை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் போகும். எனவே ஹெடர் பார்க்காமல் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டாம். கம்பெனியாகப் பதிவு என்றால், கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2022 ஏப்ரல் உத்தரவு.

பிசி_சர்வீஸ் (பாலக்கோடு):
ஏஎம்சி தாளை எடுத்துப் பாருங்கண்ணா. 'ஹார்டுவேர் மட்டும்'னு இருந்தா அவரைப் பிடிக்க முடியாது. விண்டோஸ் 7-ஐ மாத்தச் சொல்லி அவர் கொட்டேஷன் கொடுத்து நீங்க தள்ளிப்போட்டிருந்தா, அந்தத் தாளே உங்களுக்கு எதிரா நிக்கும்.

புது சிஸ்டத்தில் அன்றாட வேலைக்கு அட்மின் இல்லாத யூசர் போடுங்க. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக்கை எடுத்துடுங்க. '.ஜேஎஸ்', '.விபிஎஸ்' பைல்கள் நோட்பேடில் திறக்கிற மாதிரி வையுங்க, ரெட்டைக் கிளிக் பண்ணினாலும் வெறும் எழுத்துதான் வரும்.

இன்னொண்ணு, உங்க பழைய மெயிலெல்லாம் இப்போ வெளியே இருக்குன்னே வெச்சுக்குங்க. பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சுன்னு உங்க பேரில் வாங்குறவங்களுக்கு மெயில் போகலாம். எல்லாருக்கும் இன்னிக்கே போன் போட்டுச் சொல்லிடுங்க.