அப்ஸ்ட்ராக்ட்ல எழுதுனது லேப்ல வரல, ரிசர்ச் ஸ்காலர் கான்ஃபரன்ஸ்ல என்ன பேசுறது?

சுண்ணாம்பு_காரைக்குடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில கெமிஸ்ட்ரி பிஎச்டி, ரெண்டாவது வருஷம். அடுத்த மாசம் எங்க யுனிவர்சிட்டில ரிசர்ச் ஸ்காலருங்களுக்குன்னே ஒரு கான்ஃபரன்ஸ் நடக்குது, போஸ்டர்தான் கெடைக்கும்னு இருந்தேன், ஓரல் குடுத்துட்டாங்க. 10 நிமிஷம் பேச்சு, 3 நிமிஷம் கேள்வி.

என் வேலை நம்ம பழைய வீட்டுச் சொவரு பூச்சுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் நாலு வீட்ல பெயர்ந்து விழுந்த துண்டுகள கேட்டு வாங்கிட்டு வந்து அரைச்சு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே விட்டு என்ன படிகம்னு பாக்குறது), எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளிய விட்டு என்ன பொருள்னு பாக்குறது) ரெண்டும் எடுத்தேன். கால்சைட், அதாவது சுண்ணாம்பு இறுகி ஆகுற கால்சியம் கார்பனேட், பளிச்சுனு வருது, எக்ஸ்ஆர்டில 29.4 டிகிரி பீக், எஃப்டிஐஆர்ல 1420, 875, 712 எல்லாம் இருக்கு. பிரச்சனை என்னன்னா, இந்தப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு கலந்தாங்கன்னு சொல்றாங்கல்ல, அந்தப் புரோட்டீனுக்கு எஃப்டிஐஆர்ல வரவேண்டிய அமைடு பீக் (புரோட்டீனோட அடையாளம், 1640, 1540 பக்கம் வரும்) வரல. 1640 பக்கத்துல சின்னதா ஒரு மேடு, 1540ல ஒண்ணுமே இல்ல. அப்ஸ்ட்ராக்ட்ல "முட்டைப் புரோட்டீனைக் கண்டறிதல்"னு பெருசா எழுதி அனுப்பியாச்சு. லேப் சீனியர் அந்த ஸ்லைடயே தூக்கிடுங்கறாங்க. எங்க ஆயா சின்ன வயசுல கூடை கூடையா முட்டை வந்து எறங்குனத கண்ணால பாத்திருக்காங்க, அவங்க சொல்றது பொய்யின்னு மேடைல நின்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. என்ன பண்ணட்டும்?

பேட்டரி_லேப்:

தங்கச்சி, ஸ்லைட தூக்காதீங்க. நானும் ரெண்டாவது வருஷத்துல ஒரு கான்ஃபரன்ஸ்ல சரியா வராத ஒரு பேட்டரி செல்லோட டேட்டாவ மறைச்சுட்டு பேசுனேன், கேள்வி நேரத்துல நேரா அதையே கேட்டாங்க, பதில் சொல்ல முடியாம நின்னது இன்னும் மறக்கல. நம்ம ஊரு சும்மா இல்ல, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டி 1953ல தொறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இங்கதான இருக்கு, அங்கருந்து ஒருத்தர் வந்து உக்காந்தா ஸ்பெக்ட்ரத்த பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாரு.

புரோட்டீன் இல்லன்னு சொல்லாதீங்க, இந்த முறைல, இந்த அளவுல தெரியலன்னு சொல்லுங்க. அப்புறம் அந்த 1640 மேடு தண்ணியா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. கேபிஆர் பெல்லட் (பொட்டாசியம் புரோமைடு உப்போட சாம்பிள கலந்து அழுத்துன வில்லை) போட்டீங்களா? அது காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், தண்ணியும் அதே எடத்துலதான் வரும். 1540லயும் கால்சைட்டோட 1420 பீக் அகலமா பரவி வந்து சின்ன பீக்க முழுங்கிரும். அதனால ஒரு வேலை பண்ணுங்க, நீங்களே சுண்ணாம்பு, மணல் கலந்து வெள்ளைக்கரு 0.5, 1, 2, 5 சதவீதம்னு சேத்து நாலு சாம்பிள் செஞ்சு காய வச்சு ஓட்டிப் பாருங்க. எந்த அளவுக்குக் கீழ பீக் காணாமப் போகுதுன்னு தெரிஞ்சா அது ஒண்ணே ஒரு நல்ல ஸ்லைடு. பழைய பூச்சுல கொஞ்சத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போட்டு கால்சைட்ட நுரைக்க விட்டுக் கரைச்சுட்டு, மிச்சம் நிக்கிறத கழுவி காய வச்சு ஓட்டுங்க, மறைக்கிறதுக்கு கார்பனேட்டே இருக்காது.

கொத்தனார்_வீட்டுப்_பேரன்:

நான் சயின்ஸ் படிச்சவன் இல்ல, எங்க ஐயா இந்தப் பூச்சு வேலை பாத்தவரு அதனால சொல்றேன். முட்டைய எல்லா பூச்சுலயும் ஊத்த மாட்டாங்க. அடில போடறது சுண்ணாம்பும் மணலும், அதுல கடுக்காய் தண்ணி, வெல்லத் தண்ணி. மேல மேல போகப் போக மணலு நைசாகிட்டே போகும், வெள்ளைக்கரு கடைசி மெருகுப் பூச்சுக்கு மட்டுந்தான், அது நகத்துக் கனம்கூட இருக்காது, வழவழன்னு கல்லு வச்சு தேச்சுக்கிட்டே இருப்பாங்க, மொகம் தெரியற மாதிரி ஆகுற வரைக்கும் விட மாட்டாங்க. நீங்க துண்ட முழுசா அரைச்சேன்னு சொல்றீங்க, அப்ப அதுல முக்காவாசி அடிப்பூச்சுதானம்மா? ஆயா சொன்னதும் நெசம், நீங்க பாத்ததும் நெசம்.

பேட்டரி_லேப்:

அண்ணே, இது எனக்குத் தோணவே இல்ல. தங்கச்சி, இதுதான் உங்க டாக்கே.

தேவகோட்டை_பிசிக்ஸ்:

பேசறத பத்தி மட்டும் நான் சொல்றேன். 10 நிமிஷத்துல அவுட்லைன், சுண்ணாம்பு வரலாறு, செட்டிநாட்டுப் பெருமைன்னு ஆரம்பிச்சா 4 நிமிஷம் ஓடிப் போகும், பெல் அடிக்கும்போதுதான் ரிசல்ட்டுக்கே வருவீங்க. மொத ஸ்லைடு ரெண்டு போட்டோ போதும். புதுசா பூசுன சுண்ணாம்புல பினாப்தலின் (காரம் இருந்தா நிறம் மாறுற திரவம்) விட்டா ரோஸ் கலர் வரும், நூறு வருஷத்துப் பூச்ச ஒடச்சு அந்த எடத்துல விட்டா கலர் வராது, சுண்ணாம்பு காத்துல இருந்த கார்பன் டை ஆக்சைட எடுத்து திரும்பக் கல்லாயிடுச்சுன்னு ஒரு வாக்கியத்துல எல்லாருக்கும் புரியும். கடுக்காய்க்கு இங்கிலீஷ் வார்த்தை தேடி தடுமாறாதீங்க, கடுக்காய்னே சொல்லி கீழ டெர்மினாலியா செபுலான்னு போட்டுருங்க. பிடிஎஃப் ஒண்ணு பென்டிரைவ்ல வச்சுக்கோங்க, வேற கம்ப்யூட்டர்ல எழுத்து மாறிப் போகும். அப்ஸ்ட்ராக்ட் மாறுனத உங்க கைடுகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, மேடைல மொத தடவையா அவரு கேக்கக் கூடாது.

சுண்ணாம்பு_காரைக்குடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொத்தனார் வீட்டண்ணே, நீங்க சொன்ன ஒடனே அரைக்காம வச்சிருந்த ஒரு துண்ட எடுத்து பக்கவாட்டுல லென்ஸ் வச்சுப் பாத்தேன். கீழ மணல் மணலா பழுப்பு, அதுக்கு மேல ரெண்டு வரி, எல்லாத்துக்கும் மேல பால் ஏடு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இத்தனை நாளு அதையும் சேத்து ஆட்டிட்டு இருந்திருக்கேன். கைடுகிட்ட சொன்னேன், திட்டல, தலைப்ப "அடுக்கு அடுக்கா"ன்னு மாத்தச் சொல்லிட்டாரு. பிளேடால அந்த மேல் கோட்ட மட்டும் சொரண்டுனா 20 மில்லிகிராம்கூட தேறாது போலருக்கே, அது போதுமா?

பேட்டரி_லேப்:

ஏடிஆர் (எஃப்டிஐஆர்ல பொடிய அப்படியே வச்சு எடுக்குற வசதி) இருந்தா தாராளமா போதும், கேபிஆர் வேண்டாம். சுரண்டுனத டெசிக்கேட்டர்ல (ஈரத்த உறிஞ்சுற மூடி போட்ட ஜாடி) ஒரு நாள் வச்சு ஈரம் போனதும் ஓட்டுங்க, அடிப்பூச்சையும் தனியா எடுத்து பக்கத்துலயே ஓட்டி ரெண்டு கோட்டையும் ஒரே கிராஃப்ல போடுங்க.

கொத்தனார்_வீட்டுப்_பேரன்:

பத்தலன்னா சொல்லுங்கம்மா, எங்க தெருவுல ஒரு வீடு பிரிக்கிறாங்க, கேட்டு எடுத்து வைக்கிறேன்.