போகிக்கு எரிக்காமல் பழைய துணியை என்ன செய்யலாம்?

கேள்வி: பீரோ நிறைய பழைய சட்டை, புடவை, பெட்ஷீட். சென்னையில் எங்கே கொடுக்கலாம்? எப்படிக் கட்டணும்?

பதில் 1: துவைச்சு, முழு வெயில்ல ஒரு நாள் காயப் போடுங்க. தையல் மடிப்புல ஈரம் நின்னா மூட்டைக்குள்ளேயே பூஞ்சை பிடிச்சு மத்த துணியும் பாழ். ஆண், பெண், குழந்தைன்னு தனித்தனியா கட்டி மேலே எழுதி ஒட்டுங்க. பட்டன் அறுந்திருந்தா தைச்சிடுங்க. உள்ளாடை வேண்டாம்.

பதில் 2: நைந்த பருத்திப் புடவை, பெட்ஷீட்டையும் தூக்கிப் போடாதீங்க. பழைய துணி சேகரிக்கிற கூஞ்ச் தொண்டு அமைப்பு அதுல மாதவிடாய்த் துணி தைக்குது. பாலியஸ்டர் கலந்தா ஈரம் உறிஞ்சாது, தனியா வைங்க.

பதில் 3: பட்டுப்புடவை இருந்தா முதல்ல சரிகையைப் பாருங்க. அசல் வெள்ளிச் சரிகைன்னா, பழைய சரிகை வாங்குறவங்க எடை போட்டுக் காசு தருவாங்க. பாத்திரக்காரர்கிட்ட கொடுத்து ஒரு டிபன் டப்பா வாங்கிடாதீங்க!