ஊட்டி வீட்டில் கீசர் சேஃப்டி வால்வு விடாமல் சொட்டுகிறது

25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், 8 பார் அழுத்தம் வரை தாங்கும். மழை முடிந்ததும் பிரஷர் பம்ப் போட்டோம். மார்கழிக் குளிர் வந்ததிலிருந்து, கீசர் சூடாகும்போதெல்லாம் சேஃப்டி வால்விலிருந்து (உள்ளே அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடுவது) தண்ணீர் சொட்டி, கீழே சுவர் பச்சைப் பாசி பிடித்துவிட்டது. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் உடனே நிற்கிறது.

பம்பை அணைத்துப் பார்த்தேன், அப்போதும் சொட்டுகிறது. வால்வைப் புதிதாக மாற்றியாச்சு. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் குறைத்தாச்சு. 10 டிகிரித் தண்ணீர் 60க்குப் போனால் 25 லிட்டரில் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். பம்போடு போட்ட நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது) அதைத் திரும்ப விடுவதில்லை என்று நினைக்கிறேன். பிளம்பர் சேஃப்டி வால்வையே அடைத்துவிடலாம் என்கிறார். பிள்ளைகள் குளிக்கிற இடம், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த கீசருக்கு எத்தனை லிட்டர் எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூட்டில் கூடும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் சின்னத் தொட்டி) பொருத்த வேண்டும்?