பழைய ஆடி ஏ6 வாங்கலாமா: வால்வில் கரி பற்றிய ஐயம்

கேள்வி (காரைக்குடி): 2013ஆம் ஆண்டின் பெட்ரோல் ஆடி ஏ6 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பெரும்பாலும் நின்றே இருந்து, விசேஷங்களுக்கு மட்டும் அருகிலுள்ள ஊர்களுக்கு ஓடிய வண்டி என்பதால், எஞ்சினில் கரி படிந்திருக்குமோ என்று தயங்குகிறேன்.

பதில் (தேவகோட்டை): தயக்கம் நியாயமானதே. இவ்வகை எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் பின்புறத்தை அது கழுவுவதில்லை. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து, சூட்டில் இறுகிக் கரியாகிறது. குறைந்த கிலோமீட்டர் என்று மகிழ வேண்டாம், குறுந்தூர ஓட்டம் இதை மோசமாக்கும்.

பதில் (பள்ளத்தூர்): டாங்கில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வை எட்டாது. இரவு முழுதும் ஆறிய எஞ்சினை நீங்களே முதலில் இயக்கி, நடுக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். போரஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பார்க்க உரிமையாளர் மறுத்தால் விலகிவிடுவதே நல்லது.

கேட்டவர்: கரி இருந்தால்?

பதில் (தேவகோட்டை): வால்வுகளுக்குக் காற்றைக் கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத்தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.