குழித்தட்டின் ஓர வரிசை முழுசாக இறங்கவில்லை, உதவி வேண்டும்

பேட்டைக்காரன்:
வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் சின்னதாக ஒரு ஷெட் போட்டு, பழைய கை வாக்யூம் ஃபார்மிங் மெஷினில் (பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சில் படிய வைப்பது) நாற்றுக்கான குழித்தட்டு ஓட்டுகிறேன். 98 குழி, 14க்கு 7. அலுமினிய டை (அச்சு), 1 மி.மீ கறுப்பு ஹிப்ஸ் (HIPS) பிளாஸ்டிக் ஷீட், மேலே மட்டும் செராமிக் ஹீட்டர். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து நர்சரிக்காரர்கள் வாங்குகிறார்கள்.

மாசி, பங்குனியில் ஒரு குறையும் இல்லை. ஆனி பிறந்ததிலிருந்து ஒரு பக்கத்து இரண்டு வரிசை மட்டும் அடிவரை இறங்குவதில்லை. அடி மூலை கூராக வராமல் முட்டையின் அடி மாதிரி உருண்டு நிற்கிறது. ஆழத்தில் 4 மி.மீ குறைகிறது. தண்ணீர் வடிய ஓட்டை குத்தினால் அந்தக் குழிகள்தான் விரிகின்றன. ஆடிப்பட்டத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டு கேட்கிறார்கள், நான் கழிவை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஷீட் மோசமா, டை மோசமா?

கோவை ஃபார்மிங்:
ஷீட்டில் அரைத்த பழைய பிளாஸ்டிக் நிறையக் கலந்திருப்பாங்க. எதுக்கும் ஹீட்டிங் நேரத்தை 5 செகண்டு ஏத்திப் பாருங்க.

பேட்டைக்காரன்:
ஏற்றிப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் தேறியது. ஆனால் நடு ஷீட் தொட்டில் மாதிரி தொங்குகிறது, நடுக் குழிகளின் அடியில் ஊசி ஓட்டை விழுகிறது. அப்படி விழுந்த ஷாட்டில், அதாவது அந்தத் தடவை ஓட்டியதில், ஓரம் முன்னைவிட மோசம்.

தச்சநல்லூர் டை கடை:
அண்ணாச்சி, நேரத்தைப் பழையபடி வையுங்க. நடுவில் ஓட்டை விழுந்தால் பம்ப் அது வழியாக வெளிக்காற்றைத்தான் இழுக்கும், அப்புறம் ஓரம் எங்கே இறங்கும்? ஷீட்டில் அரைத்த பிளாஸ்டிக் கலந்திருந்தால் கோளாறு தட்டு முழுக்கச் சிதறி வரும், ஒரே பக்கமாக வராது. அதனால் ஷீட்டை இப்போதைக்கு விடுங்க.

டையைக் கழற்றி அப்படியே 180 டிகிரி திருப்பி மாட்டி, பத்து ஷாட் ஓட்டுங்க. கோளாறு டையோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போனால் டையில் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது, மெல்லிய கம்பியால் குத்தித் துடைத்தால் தீரும். பழைய பக்கத்திலேயே நின்றால் டை சுத்தம், மெஷினையும் ஷெட்டையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் அதிகம் வருகிறது என்றும் சொல்லுங்க.

பேட்டைக்காரன்:
திருப்பிப் பார்த்தேன் அண்ணாச்சி. கோளாறு அசையவே இல்லை, ஷெட்டின் வாசல் ஷட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஷட்டர் மேற்குப் பார்த்தது. காலையில் 6 மணிக்கு ஓட்டிய பன்னிரண்டு தட்டும் சுத்தம். 9 மணிக்கு மேல்தான் கெடுகிறது. துப்பாக்கி தெர்மாமீட்டரில் ஹீட்டரை இழுத்தவுடன் பார்த்தேன்: நடுவில் 152 டிகிரி, ஷட்டர் ஓரத்தில் 121.

தச்சநல்லூர் டை கடை:
நினைத்தேன். அது சாரல் காற்று அண்ணாச்சி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து கயத்தாறில் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று உங்க ஷட்டர் வழியாக ஷீட்டின் மேல் போகிறது. மாசி பங்குனியில் அது கிடையாது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. குற்றாலத்தில் சீசன் என்று ஊரே குளிக்கப் போகும், நமக்கு மட்டும் கழிவு!

1 மி.மீ ஷீட்டில் சூடு பிடிக்க எவ்வளவு நேரமோ, அந்தச் சூடு இறங்க அதைவிடக் குறைவு. ஹீட்டரைத் தள்ளி, டையை ஏற்றி, வாக்யூம் திறக்கிற மூன்று நான்கு செகண்டே போதும். ஓரம் விறைத்துவிடும், வாக்யூம் இழுத்தாலும் நீளாது. நீங்க அதற்காக நேரத்தை ஏற்றினீங்க, நடு வெந்துபோனது.

ஷட்டரைப் பூட்டாதீங்க, உள்ளே நிற்க முடியாது. ஷீட்டைப் பிடிக்கிற கிளாம்ப் ஃபிரேமுக்கு மேற்கே ஒரு தகரத் தட்டி நிறுத்துங்க, டை மேலே ஏறும்போதும் ஷீட் அதன் மறைவில் இருக்கிற உயரத்துக்கு. ஹீட்டரைத் தள்ளும் தண்டவாளம் எதிர்ப்பக்கம்தானே?

பாளை எலக்ட்ரிக்கல்:
இடையில் ஒன்று. சாயங்காலம் வோல்டேஜ் பாருங்க. 230 இருந்தது 200 ஆனால் ஹீட்டரின் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும், ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்துக்குத்தான் வாட்டேஜ். கடிகாரத்தை நம்பி ஓட்டினால் காலைத் தட்டும் மாலைத் தட்டும் ஒன்றாக இருக்காது. ஷீட் தொய்கிற அளவைப் பார்த்துத்தான் ஹீட்டரை இழுக்க வேண்டும்.

பேட்டைக்காரன்:
தகரம் நிறுத்தியாயிற்று. தண்டவாளம் எதிர்ப்பக்கம்தான், இடிக்கவில்லை. ஓரம் இப்போது 146. இன்று நாற்பது தட்டில் இரண்டுதான் கழிவு. வோல்டேஜும் 6 மணிக்கு மேல் 208 காட்டுகிறது, ஸ்டெபிலைசர் விலை விசாரித்திருக்கிறேன்.

ஆனால் நல்ல தட்டு ஒன்றைக் கத்தரியால் வெட்டி அளந்தேன். குழியின் அடி மூலையில் தடிமன் 0.12 மி.மீ. நாற்றைப் பிடுங்கும்போது கிழியாதா?

தச்சநல்லூர் டை கடை:
கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க குழி மேலே 36, அடியில் 20, ஆழம் 40 மி.மீ என்று வைத்தால் ஷீட்டின் பரப்பு கிட்டத்தட்ட 3.8 மடங்கு விரிய வேண்டியிருக்கிறது. 1 மி.மீ ஷீட் சமமாகப் பரவினாலே 0.26தான் வரும். அடி மூலைக்கு ஷீட் கடைசியாகப் போய்ச் சேருகிறது, அதற்குள் சுவரிலேயே பாதி ஒட்டித் தீர்ந்துவிடும். அதைக் காற்றைத் தடுத்துச் சரிசெய்ய முடியாது.

பிளக் வேண்டும், அதாவது ஷீட்டை மேலிருந்து குழிக்குள் அழுத்துகிற கட்டை. குழிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டை, முனையை உருட்டி மேலே ஃபெல்ட் துணி ஒட்டணும், நாலு பக்கமும் சுவரில் படாமல் இடைவெளி விடணும். அது முக்கால் ஆழத்துக்கு ஷீட்டை மெதுவாக அழுத்திக் கொண்டுபோன பிறகு வாக்யூம் திறக்கணும். முன்னாலேயே திறந்தால் பிளக் வைத்தும் பிரயோசனம் இல்லை. 98ஐயும் ஒரே நாளில் செய்யச் சொல்லாதீங்க, ஆசாரி ஓடிவிடுவார். ஒரு வரிசை, 14 கட்டை மட்டும் செய்து ஓட்டி, அதையும் வெட்டி அளந்து பாருங்க.

பேட்டைக்காரன்:
சரி அண்ணாச்சி. ஆசாரியிடம் 14 சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். ஓட்டிவிட்டு அளவைப் போடுகிறேன்.